வத்ஹாவின் இடது கால்

நவம்பர் 3
அண்ணன் முத்லக் முடிவாகச் சொல்லிவிட்டான். கிணறு வற்றுகிறது, ஒரு குதிரையைத்தான் வைத்துக்கொள்ள முடியும். வாதி ரம் பாலைவனத்தில் நடக்கும் நெடுந்தூரப் போட்டியில் தோற்கும் குதிரையை, விலை பேசியிருக்கும் ரியாத் வியாபாரி ஓட்டிப்போவார்.

அவனுக்கு அவனுடைய இங்கிலீஷ் சாதிக் குதிரை பர்க். எனக்கு அரபுப் பெட்டை வத்ஹா.

"அந்த ஆட்டு மேல ஏறி எங்க போய்ச் சேருவ, ஹஸ்னா?"

"ஆடு மூச்சு வாங்காம நிக்கும். உங்க ஒட்டகம் நிக்குதான்னு பாருங்க அண்ணே."

வாய்தான் பேசியது. உள்ளே பயம்.

நவம்பர் 9
பர்க் அழகன், ஓட்டத்தில் காற்று. ஆனால் தடித்த சதை சூட்டை விடாது. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் குறித்த நேரத்துக்குள் இதயத் துடிப்பு அறுபத்து நான்குக்கு இறங்க வேண்டும், இறங்காவிட்டால் வெளியே. வத்ஹாவுக்கு மெல்லிய தோல், அகன்ற நாசி. நின்றதுமே ஆறிவிடுவாள்.

நவம்பர் 20
போட்டி முடிந்தது.

பர்க்கின் துடிப்பு மூன்றாம் சோதனையில் இறங்கவேயில்லை. சலைன் ஏற்ற அண்ணன் அவனை அழைத்துப் போய்விட்டான். நான் கடைசிக் கோட்டைத் தாண்டினேன். மருத்துவர் வத்ஹாவின் மார்பில் குழலை வைத்தார். அறுபத்தாறு. இறங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அம்மா ஜீப்பிலிருந்து இறங்கிக் குலவையிட்டாள். அப்பா போன பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் குலவை. வத்ஹா மிரண்டாள். எண்பது. நேரம் முடிந்தது என்றார் மருத்துவர்.

"என்னாலயா, ஹஸ்னா?"

அம்மாவின் முகம் வெளுத்துப்போயிருந்தது. "இல்லம்மா, கால் நொண்டிச்சு. இடது கால்" என்றேன்.

நவம்பர் 21
வத்ஹா ஏன் தோற்றாள் என்று அண்ணன் அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டான்.

"நீ சொன்னது சரிதான். பர்க்குக்கு இந்தத் தூரம் ஆகாது. ரெண்டும் தோத்துப்போச்சு, கால் மட்டும் நல்லாருந்தா வத்ஹாவத்தான் வச்சிருப்பேன்."

அம்மா எதிரே ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். வாயில் ஏதோ பாட்டு. எத்தனை காலமாயிற்று! எப்படிச் சொல்வேன்? ஐயோ, எந்த வாயால் சொல்வேன்?

நவம்பர் 22
சொல்லவில்லை.

நவம்பர் 25
லாரி வந்தது. "பாவம், இந்தக் காலோட ஓடியிருக்கா" என்று அம்மா வத்ஹாவின் கழுத்தைத் தடவினாள்.

வத்ஹா நான்கு கால்களையும் சீராக ஊன்றி, பலகையில் நடந்து ஏறினாள். அண்ணன் அந்தக் கால்களைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு, பாடிக்கொண்டே உள்ளே போன அம்மாவைப் பார்த்தான்.

ஒன்றும் கேட்காமல் லாரிக் கதவைச் சாத்தினான்.