கொடி கட்டும் உயரம்

ஸ்ரீரங்கம், 1963 ஐப்பசி, வெள்ளி இரவு.

மழை விடவில்லை. கூடத்தில் அவர் கட்டிய மூங்கில் கொடி உளுத்துப்போய், ஈரத்துணியிலெல்லாம் மாவாய்க் கொட்டுகிறது. அதனால் மகள் செல்வி என்னை மலைக்கோட்டைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனாள். மடக்கு ஸ்டாண்டா, நைலான் கயிறா என்று பார்த்து, கயிறே போதும் என்றேன்.

"எந்த உயரத்துல கட்டுவீங்கம்மா?" என்றார் கடைக்காரர்.

நான் எக்கி நின்று கையைத் தூக்கிக் காட்டினேன்.

"உங்களுக்கு எட்டாதே! வீட்டுல யாரு அவ்ளோ உயரம்?"

"இவங்க அப்பா," என்று செல்வியைக் காட்டிவிட்டேன். கடைக்காரர் என் வெறும் நெற்றியைப் பார்த்தார். பிறகு குனிந்து கயிற்றை அளந்தார். செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மழைநாளில் நான் பிழிந்து கொடுக்க, அவர் துணி தூக்கும் குச்சி இல்லாமலே கொடியில் போடுவார். "குட்டச்சி, மேல என்னமா காத்து வருது தெரியுமா?" என்று சிரிப்பார்.

செல்வி எனக்கு எட்டும்படி தாழ்வாகக் கட்டியிருக்கிறாள். இப்போது விளக்கைத் தூண்டப் போனபோது ஈரப்புடவை என் நெற்றியில் பட்டது. அவர் நடந்தால் முகத்திலேயே இடிக்கும். காலையில் அவிழ்த்து, பழைய உயரத்திலேயே கட்டச் சொல்ல வேண்டும். எனக்குக் குச்சி இருக்கிறது.