எந்த வயதில் என்று கேட்காத நான்

இன்று காலை ஆய்வகத்தில் ஒரு புட்டியைத் திறந்ததும் குப்பென்று உன் இன்சுலின் வாடை. மூடிவிட்டு வராந்தாவில் போய் நின்றேன். துக்கத்துக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது. உன்மேல் அல்ல.

காட்பாடியில் ஒரே அறையில் தோழிகளாக ஆறு வருடம் இருந்தோம். நீ ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு ரயிலேறுவாய். நான் ஆய்வகத்துக்குப் போவேன். கணையச் செல்லில் பொட்டாசியம் வெளியேறும் வாசல்தான் என் ஆராய்ச்சி. சர்க்கரை எரியும்போது செல்லுக்குள் ஏடிபி என்ற சின்ன மூலக்கூறு பெருகும். அது ஒட்டினால் வாசல் மூடும். மூடினால்தான் இன்சுலின் சுரக்கும். சிலருக்குப் பிறவியிலேயே அது சரியாக மூடாது. அவர்களில் பலருக்கு ஊசியே வேண்டாம், சர்க்கரை நோய்க்கான சாதாரண மாத்திரை ஒன்றே அதை மூடிவிடும். இத்தனையும் தெரிந்த நான், எதிர்க் கட்டிலில் தினமும் வயிற்றில் குத்திக்கொண்ட உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆறாவது வருடம்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடிக்கும்போது பேச்சுவாக்கில் கேட்டேன். "எந்த வயசுல வந்துச்சுடி உனக்கு?"

"ரெண்டு மாசக் கொழந்தையிலேர்ந்து. அம்மா சொல்லும்."

ஆறு மாதத்துக்குள் வந்திருந்தால் மரபணுவைப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். நான் கத்தியதில் நீ பயந்துபோனாய். "இவ்ளோ வருஷமா குத்தினு இருக்கேன். இப்போ இன்னாத்துக்கு பேஜாரு?" என்றாய். ஆனாலும் ரத்தம் கொடுத்தாய். முடிவு வரும்வரை ஊசியை நிறுத்தக் கூடாது என்றார் டாக்டர். அவர் சொன்னதில் தப்பில்லை.

மூன்றாவது வாரம் கம்பெனியில் ஏற்றுமதி அவசரம். ஊசியைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் வேலையை முடித்திருக்கிறாய். ரயிலில் ஜன்னலோரம் சாய்ந்திருந்தவளைத் தூங்குகிறாள் என்றே நினைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் நான்கு நாள். ஊசி அடியோடு இறக்கிவிட்ட சர்க்கரை மறுபடி ஏறியது, நீ கண் திறக்கவில்லை.

சோதனை முடிவு அதற்குப் பிறகு வந்தது. நான் ஆராய்ந்த அதே வாசல், அதே கோளாறு. உன் அம்மாவிடம் சொல்லலாமா வேண்டாமா என்று தவித்து, கடைசியில் சொன்னேன். "மாத்திரையா? வெறும் மாத்திரையாம்மா?" என்றார். 

போன வாரம் ஆம்பூர் மருந்துக் கடையில் ஒரு பெண் தன் மகளுக்கு இன்சுலின் வாங்கிக்கொண்டிருந்தாள்.

"பாப்பாவுக்கு எத்தனை மாசத்துல வந்துச்சு?"

"உங்களுக்கு இன்னாத்துக்கு அதெல்லாம்?" என்று முறைத்தாள்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் படியை மறித்து நின்றுகொண்டு மறுபடியும் கேட்டேன்.