சுவர்மேல் இருந்த சாமைப் பை

தம்பி,

பையைத் திறப்பதற்கு முன்பே வாசனை வந்துவிட்டது. பழைய சாமையின் வாசனை. போன வாரம் உன் வீட்டுக்காரி சேந்தமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வந்து, என் அன்னாசிக் கடைப் பலகைமேல் இதை வைத்தாள். நீ கண்ணை மூடி நாற்பது நாள் ஆகிவிட்டதாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டு வருடமாக உன்னோடு பேசாதவளிடம் யார் வந்து சொல்வார்கள்?

இந்தப் பை என் பழைய புடவைத் துணி. மலையேறி வரும் சைக்கிள்காரர்களைப் படம் எடுக்க ஞாயிற்றுக்கிழமைதோறும் என் கடை இருக்கும் மலைரோட்டு வளைவுக்கு வருவாய். ஒருநாள் டீ குடித்துக்கொண்டே கேட்டாய்.

"ஏனுங்கக்கா, ஒரு பை தெச்சு அதுல சாமை ரொப்பித் தருவீங்களா? கேமராவ அதுமேல வெச்சா ஆடாதுங்க."

"கேமராவுக்குத் தலகாணியா? தாலாட்டும் நானே பாடோணுமா?"

உனக்குப் புரையேறி, டீ சட்டைமேலெல்லாம் கொட்டியது.

அன்றிலிருந்து தடுப்புச் சுவர்மேல் பை, பைமேல் கேமரா, அதன் பின்னால் நீ. வியாபாரம் இல்லாத நேரத்தில் படங்களைக் காட்டுவாய். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஆனால் காதில் விழுந்தது எதுவும் என்னைவிட்டுப் போகாது. "மரம் தெளிவா இருந்து சைக்கிள் மட்டும் கலங்கியிருந்தா, ஓட்டறவன் வேகத்துக்கு நம்ம ஷட்டர் பத்தலைன்னு அர்த்தம். மரமும் சேர்ந்து கலங்கியிருந்தா கை ஆடிப்போச்சுன்னு அர்த்தங்கக்கா." மேகம் இறங்கிவிட்டால் வெளிச்சம் பத்தாது, ஷட்டரை மெதுவாக்க வேண்டும், அப்போது கை கல்லு மாதிரி நிற்க வேண்டும் என்பாய். சொல்லிவிட்டு ஏனோ உன் கையைப் பார்த்துக்கொள்வாய்.

அந்தச் சைக்கிள் பந்தய நாளில் மேகம் நன்றாக இறங்கியிருந்தது. எல்லைக்கோடு என் கடைக்கு எதிரிலேயே. என் மகள் வயிற்றுப் பேத்தி இரவல் சைக்கிளில் ஏறி வந்துகொண்டிருந்தாள். முதல் பரிசு கியர் சைக்கிள். அதற்காக மூன்று மாதம் அந்த ரோட்டில் மூச்சிரைத்தவள் அவள். நீ சுவரோரம் இருந்தாய். அத்தனை தூரத்திலிருந்து எடுத்தால் அவள் முகம் எப்படி விழும் என்று எனக்குப் பொறுக்கவில்லை.

"சுவத்தோரம் குந்திக்கிட்டு என்னத்த எடுப்ப? முன்னால வா!"

"இங்கயே இருக்கறேனுங்கக்கா..."

நான் விடவில்லை. கையைப் பிடித்து இழுத்தேன். என் பிடிக்குள் உன் கை துடித்தது. குளிர் என்று நினைத்தேன்.

இரண்டு பிள்ளைகள் ஒன்றாகக் கோட்டைத் தொட்டார்கள். யார் முந்தியது என்று பார்க்கப் பந்தயம் நடத்தியவர்கள் உன் படத்தைக் கேட்டார்கள். படத்தில் இரண்டு பேரும் கரைந்துபோயிருந்தார்கள். கோட்டோரம் நின்றவர்கள் சொன்னதை வைத்துப் பரிசை மற்றப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

"ஊரு பேரு தெரியாதவனுக்கெல்லாம் கண்ணாடி மாதிரி எடுத்த. எம் பேத்தி வந்தா மட்டும் உங்கையி தூங்கிப்போச்சா?" அத்தனை ஜனத்துக்கு நடுவே கேட்டேன்.

"தப்பு என்னுதுதானுங்கக்கா" என்றாய். சுவர்மேல் விட்டுவந்த பையை எடுக்கப் போனாய்.

கோபம் ஆறிவிடக் கூடாது என்றே அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிப் பெட்டியில் வைத்தேன். அதற்குப் பிறகும் நீ வந்தாய். கிளம்பும்போது ஒவ்வொரு வாரமும் "வாரேனுங்கக்கா" என்பாய். நான் அன்னாசியைச் சீவிக்கொண்டிருப்பேன்.

பையை வைத்துவிட்டு உன் வீட்டுக்காரி சொன்னாள்: "கை நடுக்கம் வந்து மூணு வருசமாச்சுங்க. இந்தப் பை இல்லாம கேமராவத் தொட மாட்டாரு. வெளிய தெரிஞ்சா படம் எடுக்க யாரு கூப்பிடுவாங்கன்னு என்னையும் பேசவிடல. பைய உங்ககிட்டயே குடுக்கச் சொன்னாருங்க."

அவள் போனதும் பெட்டியைத் திறந்து படத்தை எடுத்தேன். இரண்டு வருடமாகப் பேத்தியின் முகத்தை மட்டுமே பார்த்துப் பார்த்து எரிந்திருக்கிறேன். இப்போதுதான் பின்னால் பார்த்தேன். மரம் கலங்கியிருந்தது. கிலோமீட்டர் கல்லும் கலங்கியிருந்தது. நீ சொன்ன ஒரு சொல்லையும் நான் மறக்கவில்லை, தம்பி. படத்தைத்தான் சரியாகப் பார்க்கவில்லை.

பேத்தியைக் கூப்பிட்டு, "உன் பரிசக் கெடுத்தது அந்தத் தம்பி இல்ல கண்ணு, நாந்தான்" என்றேன்.

"தெரியும் அம்மாயி. நீங்க அவரப் புடிச்சு இழுத்தத ஏறி வரும்போதே பாத்தேன்."

"அப்பவே ஏண்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா எங்கூடவும் பேச்ச நிறுத்தியிருப்பீங்க."



சாமையை நான் கொட்டவில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை. பையைக் கொண்டுபோய்ச் சுவர்மேல் உன் இடத்தில் வைத்தேன். டூரிஸ்டுகள் அதை நகர்த்திவிட்டு உட்கார வந்தார்கள். "அங்க ஆளு இருக்குது" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தள்ளிப் போனார்கள். சைக்கிள்கள் வந்தன, போயின. சாயங்காலம் பனியில் நனைந்திருந்த பையை மடியில் எடுத்துக்கொண்டேன். நீ வாராவாரம் சொல்லிவிட்டு நின்றிருந்த ஒரு சொல்லுக்கு அப்போதுதான் பதில் சொன்னேன்.

போயிட்டு வா, தம்பி.