கட்டம் போட்ட கில்ட்டும் நான் சொல்லாததும்

இன்று காலை எங்கள் அடையாறு தெருமுனையில் இஸ்திரி வண்டிக்காரர் பள்ளிச் சீருடைப் பாவாடை ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சிவப்பும் பச்சையுமாகக் கட்டம். ஈரத்துணியில் சூடு பட்டு எழுந்த வாடையில் நீ என் நினைவில் வந்து நின்றாய். கொடுத்திருந்த சட்டையை வாங்காமலே திரும்பிவிட்டேன்.

மகனைப் பார்க்க ஸ்காட்லாந்து போய்வந்த நீ, அங்கே ஆண்கள் கடைத்தெருவுக்கே கில்ட் என்னும் கட்டம் போட்ட பாவாடை உடுத்திப் போகிறார்கள் என்றாய். "வேட்டில பாக்கெட் இல்ல, பேண்ட்ல காத்து இல்ல. இதுல ரெண்டும் வச்சுக்கலாம்டா." தி. நகரில் சீருடைத் துணி எடுத்தோம். "பொண்ணு எந்த ஸ்கூல் சார்?" என்றார் தையற்காரர். "எனக்குத்தான்" என்றாய். அவர் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுக்கவே இல்லை. நான்தான் உன் இடுப்பை அளந்தேன். மடிப்புக்கு மடிப்பு சிவப்புக் கோடு மேலே வரும்படி கணக்குப் போட்டுக் கொடுத்ததும் நான்தான். முப்பது வருடம் ஒரே பள்ளியில் உன்னோடு கணக்குப் பாடம் எடுத்தவன் அல்லவா.

உன்னோடு சேர்ந்து நடக்கத்தான் எனக்குத் தைரியம் இல்லை. நொச்சிக்குப்பத்தில் மீன்காரம்மா, "இன்னா சார், பாப்பா பாவாடைய கட்டிக்கினு வந்துகீற?" என்றபோது பத்தடி தள்ளி நின்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "பாப்பாக்கு லீவும்மா. பாவாடை சும்மாத்தானே கீதுன்னு எடுத்துக்கினேன்" என்றாய். அந்தம்மா சிரித்த சிரிப்பில் உனக்கு இரண்டு சங்கரா மீன் கூடுதலாகக் கிடைத்தது. நான் தள்ளி நின்றதைப் பற்றி நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நெஞ்சுவலி வந்து மருத்துவமனையிலிருந்து திரும்பிய வாரம் சொன்னாய்: "நான் போனப்புறம் பெட்டில வைக்கிறப்ப எனக்குக் கல்யாணக் கோட்டு வேணாம்டா. கழுத்த நெரிக்கும். இதையே போட்டுடுங்க. நீ சொன்னா என் பையன் கேப்பான்." சொல்கிறேன் என்றேன்.

உன்னை அடக்கம் செய்த நாள் காலை, உன் சாந்தோம் வீட்டில் எல்லாரும் இருந்தார்கள். உன் தம்பிகள், தேவாலயப் பங்கின் பெரியவர்கள், நம் பழைய மாணவர்கள். கில்ட் உன் கட்டிலருகே நாற்காலியில் மடித்தபடி இருந்தது. பீரோவிலிருந்து கோட்டை எடுத்துக்கொண்டு வந்த உன் மகன் என்னிடம் கேட்டான்: "அங்கிள், அப்பா ஏதாச்சும் சொல்லியிருந்தாரா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "ஒண்ணும் சொல்லலப்பா" என்றேன்.

கோட்டு உனக்குப் போதவில்லை. முதுகுப் பக்கம் கிழித்துத்தான் போட்டார்கள். கழுத்துப் பொத்தானை உன் மகனே மாட்டினான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கல்லறைத் திருநாளன்று உன் மகன் ஸ்காட்லாந்திலிருந்து என்னைப் போனில் கூப்பிட்டான். "அப்பாவப் பத்தி எனக்குத் தெரியாதது ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க அங்கிள்" என்றான். அன்று என் வீட்டில் யாரும் இல்லை. என்னைப் பார்க்க ஒரு கண்கூட இல்லை.

நீ கணக்குப் பாடம் நன்றாக எடுப்பாய் என்று சொன்னேன்.