முதலில் பந்தை அனுப்பினேன்

என் ஆட்ட ஜோடி தேவிக்கு,

இன்னமும் ஸ்கூடாயில் அதே வலைப்பந்துத் திடலில்தான் நிற்கிறேன். நீ விழுந்த இடத்தில் கோட்டுக்குப் புதிதாக வெள்ளை பூசியிருக்கிறார்கள். அதை நான் மிதிப்பதில்லை.

தற்காப்பு வரிசையில் ஆடும் பிள்ளைகளுக்குப் பந்தை இடைமறிக்கக் கற்றுத் தருகிறேன். பந்தைப் பார்க்காதே, எறிகிறவளின் தோளைப் பார். பின்னால் நிற்கும் துணையை நம்பு, திரும்பாதே. கடைசி வரியில் மட்டும் என் குரல் இறங்கிவிடுகிறது.

அன்று தொழிற்சாலை அணிகளின் ஆட்டத்தில் நான் பந்தைப் பாய்ந்து பிடித்தபோது, பின்னால் நீ விழுந்த சத்தம் கேட்டது. பழக்கம், தேவி. பந்தை முன்னால் அனுப்பிவிட்டுத்தான் திரும்பினேன். அது எத்தனை விநாடி?

உன் மகள் யாழினிக்குப் பதினேழு வயது. உன் இடத்தில்தான் ஆடுகிறாள். சனிக்கிழமை மாநில அணிக்கான தேர்வு.

செவ்வாய்க்கிழமை மழை இருட்டிக்கொண்டு வந்தது. வரிசையாக நான்கு பந்துகளை மறித்தாள். நான்காவதற்குப் பிறகு குனிந்தாள். கை இடது விலாவில் இருந்தது.

"என்னடி செய்யுது?"

"லேஸ் கட்டுறேன் பெரியம்மா."

"கட்டித்தானே இருக்கு."

"அலமாக், ஐயோ! நீங்க கோச்சா, டாக்டரா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். கடைசி மாதம் முழுக்க நீயும் லேஸ்தானே கட்டினாய்?

பிறகு தனியாக வந்தாள். "அப்பாகிட்ட சொல்லாதீங்க லா. சனிக்கிழமை முடியட்டும், எங்க கூப்பிட்டாலும் வரேன்."

'இந்த ஆட்டம் முடியட்டும்க்கா' என்று நீ கேட்டபோது தலையாட்டியவள் நான். உன் இதயத் தசை தடித்திருந்தது, பிள்ளையையும் பரிசோதிக்க வேண்டும் என்று நீ போன பிறகுதான் மருத்துவமனையில் சொன்னார்கள். உன் வீட்டுக்காரர் நாளை நாளை என்று தள்ளினார். நானும் வற்புறுத்தவில்லை. யாழினி அவ்வளவு அழகாக ஓடினாள்.

இன்று அவரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். தேர்வுப் பட்டியலில் அவள் பெயரையும் அடித்துவிட்டேன். வாசல் கம்பியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

"அம்மாவா இருந்தா விட்டிருப்பாங்க."

உண்மைதான், நீ விட்டிருப்பாய். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை பரிசோதனை. என்ன சொல்வார்களோ தெரியாது. அதுவரை அவள் ஓட மாட்டாள், என்னை வெறுத்தாலும் சரி. இந்த முறை கையில் எது இருந்தாலும் கீழே போட்டுவிட்டுத் திரும்புவேன்.

அன்று தாமதமாகத் திரும்பிய உன் அக்கா,
யாழினியின் பெரியம்மா,
வசந்தி