கூலி கேட்டோம், படகு கொடுத்தார்கள்

அக்டோபர் 7, செவ்வாய்

கூலியை ஏற்றச் சொல்லிக் கேட்டோம். படகு கொடுத்திருக்கிறார்கள்.

சலவைக் கம்பெனியில் ஷிஃப்ட் முடியும் நேரத்தில் ஆளுக்கொரு கூப்பன். மலை மேல் இருக்கிற ஏரியில் குடும்பத்தோடு படகு விடலாமாம். பஸ், சாப்பாடு எல்லாம் கம்பெனி செலவு. வருகிற ஞாயிறு மட்டும்தான் செல்லும். கொடுத்த ஆபீஸ்காரருக்கு நாங்கள் வைத்த பெயர் முப்பத்திரண்டு — அத்தனை பல்லும் எப்போதும் வெளியே. "நீங்கெல்லாம் நம்ம குடும்பம்" என்றார். குடும்பத்துக்குத்தான் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லையே.

துணி மாற்றும் அறையில் இஸ்திரி அக்கா கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்: "ஒருத்தரும் போகக் கூடாது. போனா கூலிப் பேச்சு அதோட முடிஞ்சுது." எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான்.

அக்டோபர் 9, வியாழன்

என் யூனிஃபார்ம் சட்டைப் பையில் அம்மா கூப்பனைப் பார்த்துவிட்டாள். அன்றைக்கே கிழித்துப் போட்டிருக்கலாம். ஏன் போடவில்லை?

ஆஸ்பத்திரி, ஹோட்டல் என்று ஊர்ப்பட்ட படுக்கை விரிப்பை நான் நாளெல்லாம் துவைத்துவிட்டு வருகிறேன். என் சட்டையை அவள் துவைக்கிறாள். பாத்திரம் துலக்கப் போகிற இரண்டு வீடு, இந்த வீடு, மருந்துக்கடை. அம்மாவின் உலகம் அவ்வளவுதான். அப்பாவுக்கு வேலை போய் ஒரு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு அவள் கடைத்தெருப் பக்கம்கூடப் போவதில்லை.

"ஏரியா? நெஜமாவா?"

இல்லை என்று நான் சொல்வதற்குள் செய்தி மாடிப்படி இறங்கிவிட்டது. எதிர்வீட்டுக்காரியிடம் ஸ்வெட்டர் இரவல் கேட்டிருக்கிறாள்.

அக்டோபர் 10, வெள்ளி

போக முடியாது என்று இன்று எப்படியும் சொல்லிவிடுவது என்று வந்தேன். அம்மா ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

தோள்பட்டை கழன்றுவிடும் போலிருக்கிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

பஸ்ஸில் பாதி இருக்கை காலி. வந்திருந்த ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. திருடப் போன இடத்தில் சொந்தக்காரனைச் சந்தித்த மாதிரி.

மேலே போனால் மலையைக் காணோம். மேகம் மூடியிருந்தது. வெயில் ஒரு நிமிஷம் எட்டிப் பார்க்கும், உடனே போய்விடும். படகுக்காரர் வானத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "காத்து சரியில்ல. கொஞ்சம் பொறுத்துப் போங்க."

"பஸ் கெளம்பிடும்ப்பா. ஒரே ஒரு சுத்து. போட்டோதான் முக்கியம்" என்றார் முப்பத்திரண்டு.

படகுக்காரர் துடுப்புகளை எடுத்து நீட்டினார். அவருக்கு மேலேயும் ஒரு முப்பத்திரண்டு இருப்பான்.

அந்தப் படகைக் கனோ என்கிறார்கள். "இதென்னடி, பொளந்த அவரக்கா மாதிரி இருக்கு?" என்றாள் அம்மா. ஒரு படகில் இரண்டு பேர்தான். அப்பாவும் தங்கச்சியும் ஒன்றில், நானும் அம்மாவும் இன்னொன்றில். பின்னால் உட்காருகிறவர்தான் திருப்ப வேண்டும் என்று படகுக்காரர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அப்பா முன்னால் ஏறிவிட்டார். "பெரியவன் நான் பின்னாடி உக்காரணுமா?" உத்தரவெல்லாம் முன்னாலிருந்து வந்தது, படகு போனதெல்லாம் தங்கச்சி திருப்பிய பக்கம். "அப்பா, நீங்க சும்மா வந்தாலே பெரிய உபகாரம்!" என்று அவள் கத்தியது கரை வரைக்கும் கேட்டது.

அம்மாவுக்குத் துடுப்பு உடனே பிடிபட்டது. "கிண்டிக் கிண்டித் தேஞ்ச கை. இதுக்கு என்ன பெரிசு?"

நடு ஏரியில் தூறல் விழுந்தது. கரையில் விசில் ஊதினார்கள். மற்றப் படகுகள் திரும்பின.

"திருப்பட்டுமாம்மா?"

"கொஞ்சம் இருடி. யாரும் கூப்பிடாத எடத்துல உக்காந்து எத்தன நாளாச்சு."

நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்குத் தாங்கவில்லை. கூப்பன், இஸ்திரி அக்கா, நான் தலையாட்டியது — எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் முதுகைப் பார்த்துச் சொன்னதால் முடிந்தது. முகத்தைப் பார்த்திருந்தால் வந்திருக்காது.

"அப்ப, அந்தப் பொண்ணுங்கல்லாம் வீட்ல இருக்காங்களா?"

"ஆமா."

"முன்னாடியே சொல்றதுக்கென்ன? வாயில பூட்டா போட்டிருந்த?"

"நீ ஸ்வெட்டரப் போட்டுப் பாத்துட்டிருந்தியேம்மா..."

"ஸ்வெட்டருக்கு என்னடி? திருப்பிக் குடுத்தாப் போச்சு."

அதற்குள் காற்று பக்கவாட்டில் வந்து அடித்தது. படகு பம்பரமாகச் சுற்றியது. இரண்டு பேரும் பேச்சை விட்டுவிட்டுத் துழாவினோம், துழாவினோம், கரை வரவே இல்லை. கடைசியில் முழங்கால் தண்ணீரில் இறங்கித்தான் இழுத்து வந்தோம்.

அங்கே பேனரோடு நிற்கிறார் முப்பத்திரண்டு. எங்கள் நாலு பேரையும் வரிசையாக நிறுத்தினார். எனக்குப் பல் கிட்டுகிறது. "அம்மா, சிரிங்க! கம்பெனிக்காக ஒரு சிரிப்பு!"

அம்மா நடுங்கிக்கொண்டே சொன்னாள்: "மொதல்ல பிள்ளைங்க கூலிய ஏத்துங்க சார். அப்புறம் பாருங்க, காது வரைக்கும் சிரிக்கிறேன்." சொன்னதும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டு. அந்த நொடியில்தான் கேமராவை அழுத்தினார்கள்.

திரும்பும்போது அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு, "வீட்ல இருக்கறது ஒரு சம்பளம். அதுலயும் மண்ணப் போட்டுட்டியே" என்றார். அம்மா தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டாள்.

அக்டோபர் 13, திங்கள்

துவைக்கும் பிரிவிலிருந்து என்னைத் தூக்கி அழுக்குத் துணி பிரிக்கிற இடத்தில் போட்டுவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. ரத்தம், மலம், சீழ். "ஏரி குளுகுளுன்னு இருந்துச்சா?" என்று ஒருத்தி கேட்டாள். மற்றவர்கள் அதுகூடக் கேட்கவில்லை.

அக்டோபர் 15, புதன்

சாப்பாட்டு அறைச் சுவரில் படங்களைப் பெரிதாக்கி ஒட்டியிருக்கிறார்கள். 'எங்கள் தொழிலாளர்கள், எங்கள் மகிழ்ச்சி.' நட்டநடுவில் எங்கள் குடும்பம். அம்மா கண்ணை இடுக்கிக்கொண்டு சிரிக்கிறாள். அங்கே இருப்பதிலேயே சந்தோஷமான முகம் அவளுடையதுதான்.

அடப்பாவிங்களா. உங்ககிட்ட கூலியக் கேட்டுட்டு சிரிச்சாடா அவ. உங்க மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டு!

யாரிடம் போய்ச் சொல்வது? படத்துக்குச் சத்தம் கிடையாது.

அக்டோபர் 17, வெள்ளி

இன்று சாப்பிடும்போது இஸ்திரி அக்கா டம்ளரோடு அந்தச் சுவர் முன்னால் நின்றாள். வெகுநேரம் பார்த்தாள். ஏரிக்குப் போனதிலிருந்து என்னிடம் பேசாதவள், திரும்பாமலே கேட்டாள்: "உங்கப்பா ஏன் பேயப் பாத்த மாதிரி நிக்கிறாரு?"

அப்போதுதான் நானும் கவனித்தேன். எல்லோரும் கேமராவைப் பார்க்கிறோம். அப்பா மட்டும் அம்மாவைப் பார்க்கிறார். கண் பிதுங்கியிருக்கிறது.

நடந்ததைச் சொன்னேன். அக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆனாலும் நீ போனது போனதுதான்."

"ஆமாக்கா."

"ஞாயித்துக்கெழம எங்க வீட்ல கூடுறோம். வந்து உக்காரு. பேசாத."

அக்டோபர் 19, ஞாயிறு

மதியம் வரைக்கும் படுத்தே கிடந்தேன். வாரமெல்லாம் அழுக்குத் துணி பிரித்த களைப்பு.

அக்கா வீட்டுக்குக் கிளம்பும்போது அப்பா செய்தித்தாளை இறக்காமல், "இருக்கற வேலையும் போகட்டும்னு பாக்குறியா?" என்றார். அவர் பயமும் பொய்யில்லை.

"ரொம்ப நேரம் ஆகுமா?" என்று அம்மா கேட்டாள்.

"தெரியாதும்மா."

அடுப்பை அணைத்தாள். "சாப்பாடு மூடி வச்சிருக்கு, எடுத்துப் போட்டுக்குங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் படியிறங்கினாள்.