இடது முன்சக்கரம்

மாமா,

இன்று காலை எதிர்வீட்டு வாசலில் ஒரு காரை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். பால் வாங்கப் போனவள் அங்கேயே நின்றுவிட்டேன். மெக்கானிக் நட்டுகளைக் கையால் லேசாகத் திருகிப் பிடிக்கவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, ஸ்பானரைப் போட்டான். எதிரெதிர் நட்டாக முடுக்குகிறானா என்று பார்த்தேன். அப்படித்தான் முடுக்கினான். இருந்தும் கடைசி நட்டு வரைக்கும் எண்ணிக்கொண்டு நின்றேன். "இன்னா பாட்டி, உன் வண்டியா?" என்று கேட்டான். இல்லை என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அந்த அம்பாசிடரின் இடது முன்சக்கரத்தை நான் முடுக்கினேன். மறக்கவில்லை. நீ உயிரோடு இருந்தபோது இதை உன் மண்டையில் ஏற்ற என்னால் முடியவில்லை. இப்போது எழுதி ஒரு பிரயோசனமும் கிடையாது என்று தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

அம்பத்தூரில் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் வந்து, மேனேஜர்கள் காரில் வந்து இறங்கத் தொடங்கிய காலம் அது. லாரியில் கிளீனராக இருந்து தோள்பட்டையைக் கெடுத்துக்கொண்ட நீ, கிணறு உள்ள ஒரு மனையை வாடகைக்குப் பிடித்து, தகரம் போட்டு, 'கார் வாட்டர் சர்வீஸ்' என்று பலகை மாட்டினாய். எட்டாவது வரை படித்தவள் என்பதால் அதை எழுதியது நான். மற்றவர்கள் வாளித் தண்ணீரை வீசி மேலே துடைத்து அனுப்பினார்கள். நீ நாலு சக்கரத்தையும் கழற்றுவாய். பூந்தமல்லிப் பக்கமிருந்து வரும் வண்டிகளில் களிமண் சக்கரத்தின் உள்பக்கம் அப்பிக் காய்ந்து கல்லாகியிருக்கும். "மூஞ்சிய கழுவி உடுறதுக்கு ஆயிரம் பேர் கீறான். கால கழுவுறவன் நான் ஒருத்தன்தான்," என்பாய். அதைக் கேட்டுச் சிரிக்காத டிரைவர் கிடையாது.

கழுவியது நான் என்பது ஒருவருக்கும் தெரியாது. சக்கரத்தை உருட்டிக்கொண்டு ஓலைத் தட்டிக்குப் பின்னால் வருவாய். மண்ணெண்ணெய்த் துணியால் கிரீஸை எடுத்து, தேங்காய் நாரும் சோப்புத்தூளும் போட்டுத் தேய்த்து, காய்ந்ததும் சில்வர் பெயிண்ட் அடித்துக் கொடுப்பேன். செம்பரம்பாக்கத்தில் நாற்றுக்கட்டு சுமந்த கை. வலிக்கவில்லை என்றால் பொய், ஆனாலும் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. டிரைவர்கள் சாப்பிடப் போனதும் வெளியே வந்து சக்கரத்தை மாட்டி, ஸ்பானர் மேல் ஏறி மிதித்து முடுக்குவதும் நான்தான். கழற்றுவது ஓர் உதையில் முடியும், முடுக்க ஸ்பானரைத் தாங்கிப் பிடிக்க வேண்டும், உன் தோளுக்கு அது ஆகாது. "பொம்பள முடுக்கின வண்டின்னு தெரிஞ்சா ஒருத்தன் வரமாட்டான்," என்பாய். அதனால் வேலை முடிந்ததும் தட்டிக்குப் பின்னால் ஓடிவிடுவேன். வெளி ஆள் முன்னால் உன்னை 'நீங்க' என்பேன், தட்டிக்குப் பின்னால் 'நீ'.

நமக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. ஒரு சக்கரத்தை முடுக்கி முடித்ததும் என் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பைத் தொட்டு அந்த டயரில் ஒரு பொட்டு வைப்பேன். பொட்டைப் பார்த்த பிறகுதான் நீ நட்டுகளை மூடும் வீல்கப்பைத் தட்டி மாட்டுவாய், பிறகு பொட்டைத் துடைத்துவிடுவாய். அஞ்சு வருஷத்தில் ஒரு நட்டு தளர்ந்ததில்லை.

அன்று வந்தது ஒரு கம்பெனி மேனேஜரின் கறுப்பு அம்பாசிடர். அதன் டிரைவர் பட்டாபிராம்காரர், நம் பழைய வாடிக்கை. வரும்போதெல்லாம் நம் மகள் செல்விக்குப் பொரி உருண்டை வாங்கி வருவார். அவர் சாப்பிடப் போனபோது நாலு சக்கரத்தையும் மாட்டி, முடுக்கி, நாலு பொட்டும் வைத்தேன். செல்விக்கு அப்போது அஞ்சு வயசு, அன்று அவளுக்குக் காய்ச்சல். கஞ்சி கொடுக்க உள்ளே போனேன். கிண்ணத்தைக் கழுவ வந்தபோது தட்டி இடுக்கில் பார்த்தேன். நான் முடுக்கிய இடது முன்சக்கரம் கழன்று தரையில் கிடந்தது. உள்ளே பிரேக் டிரம்மில் ஒட்டியிருந்த மண்ணை நீ துணியால் துடைத்துக்கொண்டிருந்தாய். உனக்கு எப்போதும் அந்த வியாதி உண்டு, யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில் அழுக்கு இருந்தாலும் தூக்கம் வராது.

மறுபடி முடுக்க என்னைக் கூப்பிடுவாய் என்று இருந்தேன். செல்வி வாந்தி எடுத்தாள், உள்ளே ஓடினேன். "மச்சான், ஐயா கம்பெனி கேட்டாண்ட நின்னுகினு கீறாரு, சீக்கிரம் உடு," என்று டிரைவர் அவசரப்படுத்தியது காதில் விழுந்தது. நட்டுகளைக் கையால் பிடிக்கவிட்டு, வண்டியை இறக்கி, டயரைப் பார்த்திருப்பாய். என் பொட்டு அங்கேயே இருந்திருக்கும், அதை நம்பி வீல்கப்பை மாட்டி அனுப்பியிருப்பாய். நான் வெளியே வருவதற்குள் வண்டி தெருமுனை தாண்டிவிட்டது. நீயே எப்படியோ முடுக்கியிருப்பாய் என்று எண்ணிக்கொண்டேன், கேட்கவில்லை. என் தப்பு அந்த ஒன்றுதான், மாமா. அதை நான் மறுக்கவில்லை.

பருத்திப்பட்டு ஏரி வளைவில் சக்கரம் கழன்று, வண்டி பள்ளத்தில் உருண்டது. மேனேஜருக்கு நெற்றியில் கீறல். டிரைவருக்கு வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நீ அன்று மாலையே ஸ்டேஷனுக்குப் போய், "நான்தான் முடுக்கணும், மறந்துட்டேன்," என்று சொல்லிவிட்டாய்.

மறுநாள் மதியம் ஜாமீனில் வீட்டுக்கு வந்தாய். சோறு போட்டேன். பிசைந்துகொண்டே சொன்னாய்: "உம்பேரு எங்கயும் வரல, பயப்படாத. கொழந்தைக்குக் காச்சல், உனக்குக் கவனம் எங்கருந்து வரும்? அல்லாருக்கும் வர்ற தப்புதான்."

நான் கரண்டியோடு நின்றேன். "நான் முடுக்கினேன் மாமா. அப்பறம் நீதான கழட்டித் தொடச்ச?"

"தொடச்சேன். அது நீ முடுக்கறதுக்கு முன்னாடி." நீ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "முடுக்காமலே பொட்டு வச்சிட்டுப் போய்ட்ட. உடு, உன்ன இப்போ யாரு கேட்டாங்க?"

நீ பொய் சொல்லவில்லை. உன் முகம் எனக்குத் தெரியாதா? எது முன்னால், எது பின்னால் என்பது உன் மனசில் ஒரே நாளில் இடம் மாறிப்போயிருந்தது. எத்தனை தடவை சொன்னாலும் "சரி, சரி" என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னாய்.

கேஸ் நடந்து, உள்ளே போய் வந்தாய். மனைக்காரர் பலகையைக் கழற்றச் சொன்னார். எஸ்டேட்டில் ஒரு கம்பெனியும் உன்னைச் சேர்க்கவில்லை. பட்டாபிராம் ரயில்வே சைடிங்கில், அந்தக் கெட்டுப்போன தோளில் மூட்டை தூக்கினாய். நாம் இருந்த வீடும் போய், ஒரு அறைக்குள் மூன்று பேர் படுத்தோம்.

மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை அந்த டிரைவர் வீட்டுக்குக் கூட்டிப்போவாயே, நினைவிருக்கிறதா? அவர் மனைவிக்கு நான் மாவு அரைத்துக் கொடுப்பேன், துணி துவைத்துப் போடுவேன். ஒரு தடவை அவர் கட்டிலில் இருந்தபடியே, "எங்காலு எங்கடா மச்சான்? கால கழுவுறவன் நீதான?" என்று கேட்டார். நீ தலையைக் குனிந்துகொண்டாய். பிறகு ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாய். எனக்காகத் தாங்கிக்கொள்கிற பார்வை அது. நான் மாவு அரைக்க எழுந்து போய்விட்டேன். அந்தப் பார்வையை இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை.

திரும்பும்போது ரயிலடியில் உட்கார்ந்து, "மனசு கொஞ்சம் லேசாச்சா?" என்றாய். என் பாவத்தைக் கழுவத்தான் அங்கே கூட்டிப்போகிறாய் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"யாருக்கு லேசாவணும்? கழட்டினது நீ. மாட்டினது நீ. என் கண்ணால பாத்தேன்," என்று கத்தினேன். பிளாட்பாரத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நீ கோபப்படவில்லை. என் முதுகைத் தடவி, "அழுவு. அழுதா போய்டும்," என்றாய். உன் சட்டைக் காலர் விலகியிருந்தது. மூட்டை அழுத்திய இடத்தில் தோள் வீங்கி, தோல் உரிந்திருந்தது. அதைப் பார்த்ததும் காலரை இழுத்து மூடிவிட்டேன். தொழில் போயிற்று, தெருவில் மரியாதை போயிற்று. பெண்டாட்டியைக் காப்பாற்றினோம் என்கிற ஒன்றுதான் உன்னிடம் மிச்சம் இருந்தது. அதையும் நான் பிடுங்கிவிட்டால், உன் கையாலேயே உன் சிநேகிதன் காலை எடுத்தாய் என்று ஆகிவிடும். அதோடு நீ இருக்கமாட்டாய் என்று பயந்தேன். அன்றிலிருந்து அதைப் பற்றிப் பேசாமல் இருந்துவிட்டேன். அன்பு என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் பாதி கோபம். நீ என்னை மன்னிக்க மன்னிக்க எனக்கு உன்னைப் பிடிக்காமல் போனது, மாமா. இதையும் இப்போதுதான் சொல்கிறேன்.

சில நாள் எனக்கே சந்தேகம் வரும். ஒருவேளை நான்தானோ என்று. பிறகு அந்தக் கஞ்சிக் கிண்ணமும் தரையில் கிடந்த சக்கரமும் கண்ணில் வரும். இல்லை, நான் முடுக்கினேன்.

நெஞ்சு வலி வந்து நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது செல்விக்குப் பதிமூன்று வயசு. அவளைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கூப்பிட்டாய். ஏதோ படிப்பைப் பற்றிச் சொல்லப்போகிறாய் என்று நினைத்தேன்.

"செல்வி, அன்னிக்கு நட்டு முடுக்க மறந்தது உங்கம்மா. நான் ஏத்துக்கினேன். நான் போனப்பறம் யார் இன்னா சொன்னாலும் நீ அவள உட்டுடாத. அந்தப் பேச்ச மட்டும் அவகிட்ட எடுக்காத," என்றாய். பிறகு என் பக்கம் கையை நீட்டினாய். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உனக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு "சரி" என்றேன். அடுத்த நாள் விடிவதற்குள் நீ இல்லை.

உனக்குக் கொடுத்த வாக்கை அவள் காப்பாற்றுகிறாள். இத்தனை வருஷமாக அந்தப் பேச்சை எடுத்ததில்லை. என்னை உட்கார வைத்துச் சோறு போடுகிறாள், மருந்து கொடுக்கிறாள், ஒரு குறை கிடையாது. எப்போதாவது என்மேல் கோபம் வந்தால் பாதியில் நிறுத்திக்கொள்வாள். எதை நினைத்து நிறுத்துகிறாள் என்று எனக்குத் தெரியும். இந்தக் காகிதத்தை அவள் கையில் கொடுக்கலாம். நம்பினால் அவளுக்கு அப்பா இல்லாமல் போய்விடுவார். நம்பாவிட்டால், இந்த வயசிலும் செத்தவன்மேல் பழி போடுகிறவள் ஆவேன். அதனால் இதை எழுதி முடித்ததும் அடுப்பில் போடப்போகிறேன்.

உள்ளே இருந்து சாப்பிடக் கூப்பிடுகிறாள். அவளும் என்னை மன்னித்துவிட்டாள், மாமா. உன்னை மாதிரியே, என்னை ஒரு வார்த்தை கேட்காமல்.